ஆளையே மாற்றிய அணி இந்த சீசனில் எங்கே போய் நிற்கும்: நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு வழி

கோடையில் ஒரு அணி பாதி ஆட்களை மாற்றிவிட்டால், அக்டோபர் வரும்வரை பேச்செல்லாம் பெயர்களைப் பற்றித்தான். அவர் வந்துவிட்டார், இனி 55 வெற்றி நிச்சயம் என்று ஒரு கூட்டம். இந்தக் கூட்டணி தேறவே தேறாது என்று இன்னொரு கூட்டம். இரண்டுமே கணக்குப் போடாமல் வருகிற பேச்சு. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வில் ஒரு அணி அடுத்த சீசனில் ஆடும் 82 ஆட்டத்தில் சுமாராக எத்தனை ஆட்டம் ஜெயிக்கும் என்பதை ஒரு மாலைப்பொழுதில் நீங்களே கணித்துவிடலாம். அதற்கு ஒரு ஸ்ப்ரெட்ஷீட் அல்லது நோட்டு, போன வருடப் புள்ளிவிவரம், கொஞ்சம் பொறுமை, இவ்வளவு போதும். நான் சொல்லப்போகிற வழி முழுக்க ஒரே விஷயத்தின் மேல்தான் நிற்கிறது: பெயரைத் தள்ளி வைத்துவிட்டு நிமிடத்தை எண்ணுங்கள்.

ஒரு ஆட்டம் 48 நிமிடம், களத்தில் எப்போதும் ஐந்து பேர். அப்படியென்றால் பயிற்சியாளர் பங்குபோட்டுக் கொடுக்க இருப்பது ஆட்டத்துக்கு 240 நிமிடம், 82 ஆட்டத்துக்கு 19,680 நிமிடம். கூடுதல் நேரத்தை விட்டுவிடலாம், பெரிய வித்தியாசம் வராது. இப்போது அணியின் 15 பேரையும் வரிசையாக எழுதி, ஒவ்வொருவருக்கும் இரண்டு எண் போடுங்கள்: எத்தனை ஆட்டம் ஆடுவார், ஆட்டத்துக்கு எத்தனை நிமிடம். இரண்டையும் பெருக்கிக் கடைசியில் கூட்டிப் பாருங்கள். முதல் தடவை போடும்போது கிட்டத்தட்ட எல்லோருக்கும் 19,680-ஐத் தாண்டித்தான் வரும், ஏனென்றால் ஆசைப்படுகிற எல்லோருக்கும் 30 நிமிடம் கொடுத்திருப்போம், யாருக்கும் காயமே வராது என்று நினைத்திருப்போம். அங்கேதான் வேலை ஆரம்பிக்கிறது. யாருடைய நிமிடத்தை வெட்டுவது என்று யோசிக்கும்போதே, பெஞ்சில் எட்டாவது ஒன்பதாவது ஆளாக யார் இருக்கிறார், அவர் 1,200 நிமிடம் ஆடினால் தாங்குமா என்ற கேள்வி தானாக வந்து நிற்கும். செய்திகளில் இந்தக் கேள்வி வரவே வராது.

ஆட்ட எண்ணிக்கையில் தாராளம் வேண்டாம். கடைசி மூன்று சீசனில் அவர் ஆடிய ஆட்டங்களின் சராசரியை எடுங்கள், யாருக்கும் 72-க்கு மேல் போடாதீர்கள், 32 வயதைத் தாண்டியவருக்கு இன்னும் கொஞ்சம் குறையுங்கள். கறாராகத் தெரியலாம். ஆனால் 2024-25 பிலடெல்பியாவைப் பாருங்கள். முந்தைய சீசனில் 47 ஆட்டம் ஜெயித்த அணி அது. ஜோயல் எம்பீட், டைரீஸ் மேக்ஸியோடு பால் ஜார்ஜையும் கூட்டி வந்தார்கள், கோப்பைப் பேச்சே வந்துவிட்டது. எம்பீட் ஆடியது 19 ஆட்டம், ஜார்ஜ் 41, மேக்ஸி 52. அணி முடித்தது 24 வெற்றி, 58 தோல்வியில். மூவரின் திறமையைப் பற்றி யாரும் தப்பாகக் கணிக்கவில்லை, அவர்கள் களத்தில் இருக்கப்போகிற நேரத்தைத்தான் தப்பாகக் கணித்தார்கள்.

சரி, நிமிடம் வந்துவிட்டது. அடுத்து அதை வெற்றியாக மாற்ற வேண்டும்.

இதற்கு நேராக வெற்றி எண்ணிக்கைக்குப் போகாமல் நடுவில் ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள்: புள்ளி வித்தியாசம், அதாவது ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை புள்ளி கூடுதலாகவோ குறைவாகவோ முடிக்கிறார்கள் என்பது. 82 ஆட்ட சீசனில் சராசரி 1 புள்ளி வித்தியாசம் என்பது சுமார் 2.5 வெற்றிக்குச் சமம், நடுக்கோடு 41, அதாவது வித்தியாசம் பூஜ்யமாக இருக்கிற அணி 82-ல் பாதி ஜெயிக்கும். 2007-08 பாஸ்டன் செல்டிக்ஸ் ஆட்டத்துக்குப் பத்து புள்ளிக்குச் சற்று மேலே இருந்தார்கள், சூத்திரம் 66, 67 என்று சொல்லும், அவர்கள் ஜெயித்தது 66. எல்லா வருடமும் இவ்வளவு துல்லியமாக வராது, இரண்டு மூன்று ஆட்டம் முன்னே பின்னே இருக்கும். ஆனாலும் போன வருட வெற்றி எண்ணிக்கையைவிட போன வருடப் புள்ளி வித்தியாசம்தான் நல்ல தொடக்கப் புள்ளி. கடைசி இரண்டு நிமிடத்தில் முடிவான நெருக்கமான ஆட்டங்களை நிறைய ஜெயித்த அணி, அடுத்த வருடமும் அதே விகிதத்தில் ஜெயிப்பது அபூர்வம். ஒரு அணி 46 ஜெயித்தும் புள்ளி வித்தியாசம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால், அதை 41 ஆட்ட அணி என்று வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

இனி ஆள் மாற்றத்தை இந்தப் புள்ளிக்குள் கொண்டுவர வேண்டும். பாஸ்கெட்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் பாக்ஸ் பிளஸ்-மைனஸ் என்று ஒரு எண் இலவசமாகக் கிடைக்கும். லீக் சராசரி ஆட்டக்காரரோடு ஒப்பிட்டால் 100 பொசெஷனுக்கு (ஒரு அணியின் கையில் பந்து இருக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பொசெஷன்) இவர் எத்தனை புள்ளி கூட்டுகிறார் அல்லது குறைக்கிறார் என்பதுதான் அது. சராசரி ஆள் 0, எளிதில் கிடைக்கிற மாற்று ஆள் சுமார் -2. இன்றைய வேகத்தில் ஒரு அணிக்கு ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட 100 பொசெஷன் வருவதால் கணக்கு சுலபம். புதிதாக வருபவர் +4 என்று வையுங்கள், ஆட்டத்துக்கு 34 நிமிடம், 68 ஆட்டம். மொத்தம் 2,312 நிமிடம். ஒரே ஆள் சீசன் முழுக்க களத்திலேயே நின்றால் 3,936 நிமிடம், அதில் இவர் பங்கு 59 சதவீதம். நாலில் 59 சதவீதம் என்றால் ஆட்டத்துக்கு 2.3 புள்ளி. அதே நிமிடங்களைப் போன வருடம் ஆடியவர் -1 ஆள் என்றால் அவரால் போனது 0.6. வித்தியாசம் 2.9 புள்ளி, சுமார் 7 வெற்றி.

ஏழே வெற்றிதானா என்று தோன்றும். ஆமாம், +4 என்பது லீக்கின் சிறந்தவர்களுக்கான ஆல்-ஸ்டார் ஆட்டத்தின் வாசலில் நிற்கிற ஆள், அவர் ஒருவரை மட்டும் மாற்றினால் இவ்வளவுதான் நகரும். அதனால்தான் ஒரே ஒரு பெரிய டிரேடை (அணிகளுக்கிடையே ஆள் பரிமாற்றம்) வைத்து 28 வெற்றியிலிருந்து 50-க்குப் போகும் என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். அப்படிப்பட்ட தாவல்கள் நடந்த இடமெல்லாம் மூன்று நான்கு இடத்தில் ஒரே சமயத்தில் ஓட்டை அடைபட்டிருக்கும்.

டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் இதற்கு அருமையான உதாரணம். 2023-24-ல் 14 வெற்றி, 68 தோல்வி, நடுவில் தொடர்ச்சியாக 28 தோல்வி. அடுத்த வருடம் 44 வெற்றி. ஸ்டார் யாரும் வரவில்லை. புதுப் பயிற்சியாளராக ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப், கூடவே டோபயஸ் ஹாரிஸ், மாலிக் பீஸ்லி, டிம் ஹார்டவே ஜூனியர் என்று அனுபவமுள்ள மூன்று பேர். பீஸ்லி மட்டும் தூரத்துக் கோட்டுக்கு வெளியிலிருந்து 319 மூன்று புள்ளி ஷாட் போட்டார். முந்தைய வருடம் அணியின் முக்கிய ஆட்டக்காரர் கேட் கன்னிங்ஹாம் பந்தோடு உள்ளே நுழைந்தால் எதிரணி மொத்தமும் அவர் மேலேயே விழும், ஏனென்றால் வெளியே நிற்பவர்களைக் கண்டு யாருக்கும் பயமில்லை. வெளியே ஷூட்டர்கள் வந்ததும் கன்னிங்ஹாமுக்கு இடம் கிடைத்தது, சீசனின் சிறந்த 15 பேரில் ஒருவராக ஆல்-என்பிஏ மூன்றாம் அணிக்கே போனார். மோசமான ஆட்களிடம் இருந்த ஆயிரக்கணக்கான நிமிடங்கள் சுமாரான ஆட்களிடம் போனதே பெரிய லாபம், அதற்கு மேல் இளைஞர்கள் ஒரு வயது வளர்ந்தார்கள். என்னைக் கேட்டால், புதிதாகக் கட்டிய அணியைப் பார்க்கும்போது முதலில் தேட வேண்டியது இதைத்தான்: போன வருடம் மிக மோசமாக ஆடிய மூன்று பேர் எத்தனை நிமிடம் ஆடினார்கள், அந்த நிமிடங்கள் இப்போது யாரிடம்?

வயதையும் தொட வேண்டும், சுருக்கமாக. 24-க்குக் கீழே இருப்பவரின் பாக்ஸ் பிளஸ்-மைனஸ் எண்ணில் கொஞ்சம் கூட்டுங்கள், 25 முதல் 29 வரை அப்படியே விடுங்கள், 31-க்கு மேல் குறையுங்கள். டிராஃப்டில் (இளம் ஆட்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) வந்த ரூக்கியை, அதாவது முதல் வருட ஆளை வைத்து இந்த வருடமே வெற்றி எதிர்பார்க்காதீர்கள். விக்டர் வெம்பன்யாமாவைவிடப் பெரிய ரூக்கி அண்மையில் வந்ததில்லை, முதல் சீசனிலேயே ஆட்டத்துக்கு 21 புள்ளி, 10 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது), மூன்றுக்கு மேல் பிளாக் (எதிரணி ஷாட்டைத் தடுப்பது). சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அவர் வருவதற்கு முந்தைய வருடம் 22-60 (22 வெற்றி, 60 தோல்வி), அவர் வந்த வருடமும் 22-60. அந்த சீசன் தொடக்கத்தில் அவருக்குப் பந்து கொண்டுவந்து கொடுக்கச் சரியான பாயிண்ட் கார்டு கிடையாது, ஃபார்வர்டான ஜெரெமி சோஹனை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் யார் என்பதை நிமிட அட்டவணை காட்டிக்கொடுத்துவிடும்.

இதுவரை போட்டது கூட்டல் கழித்தல். இங்கே நிறுத்தினால் ஒரு பெரிய விஷயம் விட்டுப்போகும், அது பொருத்தம். ஒரு அணிக்கு இருப்பது 100 பொசெஷன், ஒரே பந்து. மூன்று பேர் போன வருடம் தலா 25 புள்ளி எடுத்தார்கள் என்றால் ஒன்றாக ஆடும்போது 75 வராது. யாராவது விட்டுக்கொடுக்க வேண்டும், அப்படி விட்டுக்கொடுத்த பிறகும் அந்த ஆள் அணிக்குப் பயன்படுகிறாரா என்பதுதான் கேள்வி. பந்து கையில் இல்லாதபோது அவர் என்ன செய்கிறார்? வெளியே நின்று மூன்று புள்ளி போடுவாரா, எதிரணி ஆளை மறித்து ஸ்கிரீன் வைப்பாரா, தற்காப்பில் நிற்பாரா?

பாஸ்டனுக்கே திரும்பிப் போவோம், ஏனென்றால் ஒரே கோடையில் கட்டின அணி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இன்றுவரை அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. 2006-07-ல் 24 வெற்றி. கோடையில் ரே ஆலன், அப்புறம் கெவின் கார்னெட், ஏற்கெனவே இருந்த பால் பியர்ஸ். அடுத்த வருடம் 66 வெற்றி, இறுதித் தொடரில் லேக்கர்ஸை 4-2 என்ற ஆட்டக் கணக்கில் வீழ்த்திக் கோப்பை. ஆலனின் சராசரி 26.4-லிருந்து 17.4-க்கு இறங்கியது, பியர்ஸ் 25-லிருந்து 19.6, கார்னெட் 22.4-லிருந்து 18.8. மூன்று பேரும் இறங்கினார்கள், அணி ஏறியது. ஆலன் ஓடி ஓடி வெளியே இடம் பிடித்து ஷாட் போடுபவர், அவருக்குப் பந்து கையில் இருக்க வேண்டிய அவசியமில்லை. கார்னெட்டின் பாஸும் தற்காப்பும் அவர் புள்ளி எடுக்காத நாளிலும் அப்படியே இருந்தன, அந்த வருடத்தின் சிறந்த தற்காப்பு வீரர் விருதும் அவருக்குத்தான். துணைப் பயிற்சியாளராக வந்த டாம் திபடோவின் தற்காப்பு முறை லீக்கிலேயே முதலிடம். இவர்களோடு ராஜான் ராண்டோ, கெண்ட்ரிக் பெர்கின்ஸ் என்ற இரண்டு இளைஞர்கள், பந்துக்குப் போட்டி போடாதவர்கள், பெஞ்சில் ஜேம்ஸ் போசியும் எடி ஹவுஸும். ஒவ்வொரு துண்டும் அடுத்த துண்டின் குறையை மூடியது.

அதே மாதிரி பெயர்களோடு எதிர்ப்பக்கம் போனது 2012-13 லேக்கர்ஸ். கோபி பிரயன்ட், பாவ் கசோலோடு ஸ்டீவ் நாஷும் ட்வைட் ஹோவர்டும் சேர்ந்தார்கள். நாஷுக்கு 38 வயது, இரண்டாவது ஆட்டத்திலேயே கால் எலும்பு முறிந்தது. ஹோவர்ட் முதுகு அறுவை முடிந்து வந்தவர். ஐந்தே ஆட்டத்தில் 1-4 என்று இருக்கும்போது பயிற்சியாளர் மைக் பிரவுனை நீக்கினார்கள். நாஷும் கசோலும் ஐம்பது ஆட்டம் அளவில்தான் ஆடினார்கள், ஏப்ரலில் கோபியின் அகில்லிஸ் தசைநார் கிழிந்தது. 45 வெற்றி, முதல் சுற்றில் ஸ்பர்ஸிடம் 4-0 தோல்வி. நிமிட அட்டவணை போட்டிருந்தால் நாஷின் ஆட்ட எண்ணிக்கையிலேயே அபாயம் தெரிந்திருக்கும், பொருத்தம் பார்த்திருந்தால் கசோலும் ஹோவர்டும் கூடைக்குப் பக்கத்தில் ஒரே இடத்துக்குப் போட்டி போடுவது தெரிந்திருக்கும்.

பொருத்தம் பார்க்க நான் சொல்வது இதுதான். நெருக்கமான ஆட்டத்தில் கடைசி ஐந்து நிமிடம் யார் களத்தில் இருப்பார்கள் என்று ஐந்து பெயர் எழுதுங்கள். அந்த ஐவரில் எத்தனை பேரை எதிரணி வெளியே தனியாக விட முடியாது? நாலு பேராவது இருக்க வேண்டும். எதிரணியின் சிறந்த ஸ்கோரரை யார் பிடிப்பார்? கூடையைக் காக்க யார்? பந்தை மேலே கொண்டுவர இரண்டு பேர் உண்டா? ஏதாவது ஒரு கேள்விக்குப் பெயர் வரவில்லை என்றால் உங்கள் கணக்கிலிருந்து இரண்டு மூன்று வெற்றியைக் கழித்துவிடுங்கள். இதற்குச் சூத்திரம் கிடையாது, உங்கள் கண்ணைத்தான் நம்ப வேண்டும், அதனால் போன வருட ஆட்டங்களில் நாலைந்தையாவது முழுசாகப் பாருங்கள், ஹைலைட்டில் இதெல்லாம் தெரியாது.

ஷூட்டிங்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. போன வருடம் ஒருவர் மூன்று புள்ளியில் 42 சதவீதம் போட்டார் என்றால் உடனே நம்பிவிடாதீர்கள். எத்தனை தடவை எறிந்தார், அதற்கு முந்தைய வருடங்கள் எப்படி, ஃப்ரீ த்ரோ (எதிரணி செய்த தவறுக்குக் கிடைக்கும் தடையில்லா ஷாட்) சதவீதம் என்ன, இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். 65 சதவீத ஃப்ரீ த்ரோ ஆள் ஒரு வருடம் மட்டும் 42 போட்டிருந்தால் அடுத்த வருடம் இறங்குவார் என்றே எதிர்பாருங்கள். அதே போல எதிரணிகள் உங்கள் அணிக்கு எதிராக மூன்று புள்ளியில் மோசமாகப் போட்டதால் தற்காப்பு நன்றாகத் தெரிந்திருந்தால், அதில் பெரும்பகுதி அதிர்ஷ்டம்.

தற்காப்பு விஷயத்தில் பயிற்சியாளர் மாற்றம் நிஜமாகவே பலன் தரும், தாக்குதலைவிடச் சீக்கிரமாக. ஹூஸ்டன் ராக்கெட்ஸ் 2022-23-ல் 22 வெற்றி. ஈமே உடோகா பயிற்சியாளராக, ஃப்ரெட் வான்விலீட்டும் டிலன் புரூக்ஸும் வந்ததும் 41, அதற்கடுத்த வருடம் 52. இளம் அணிக்கு அனுபவமுள்ள இரண்டு தற்காப்பு ஆட்களும் கண்டிப்பான பயிற்சியாளரும் ஒரே கோடையில் வந்தால் நான் தயங்காமல் இரண்டு வெற்றி கூட்டுவேன்.

வெற்றி எண்ணிக்கை கிடைத்ததும் அதை இடமாக மாற்ற அணி எந்த மாநாட்டில் (கான்ஃபரன்ஸ், அதாவது லீக்கின் கிழக்கு, மேற்குப் பிரிவு) இருக்கிறது என்று பார்க்க வேண்டும், கிழக்கும் மேற்கும் ஒன்றல்ல. சொந்த மாநாட்டு அணிகளோடு 52 ஆட்டம், எதிர் மாநாட்டோடு 30. முதல் ஆறு இடம் நேராக பிளேஆஃப் (கோப்பைக்கான சுற்றுகள்), ஏழு முதல் பத்து வரை பிளே-இன் (பிளேஆஃபின் மீதி இடங்களுக்கான தகுதி ஆட்டங்கள்). சேக்ரமென்டோ கிங்ஸ் 2022-23-ல் 48 ஜெயித்து மேற்கில் மூன்றாமிடம், 16 சீசன் காத்திருப்புக்குப் பிறகு பிளேஆஃப். அடுத்த வருடம் 46. குறைந்தது இரண்டே வெற்றி, ஆனால் ஒன்பதாமிடத்துக்குப் போய் பிளே-இன்னில் வெளியேறினார்கள். ஆகவே உங்கள் அணியை மட்டும் கணித்தால் போதாது, பக்கத்து ஐந்தாறு அணிகளுக்காவது அவசர அவசரமாக இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஒரே எண்ணில் முடிக்காதீர்கள். மூன்று எண் எழுதுங்கள்: எல்லாம் கூடிவந்தால், சாதாரணமாகப் போனால், முக்கிய ஆள் 30 ஆட்டம் ஆடாவிட்டால். மூன்றாவதைப் போடும்போது அந்த ஆளின் நிமிடங்களை நிஜமாகவே எட்டாவது ஒன்பதாவது ஆளுக்கு மாற்றி எழுதிப் பாருங்கள். 52, 46, 34 என்று வருகிற அணியும் 49, 46, 42 என்று வருகிற அணியும் நடுவில் ஒரே எண்ணைத்தான் காட்டும், ஆனால் இரண்டும் வேறு வேறு அணிகள். எனக்கு எப்போதும் இரண்டாவது அணி மேல்தான் நம்பிக்கை.

சம்பளக் கணக்கையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், அது சீசன் நடுவே திருத்திக்கொள்ளும் வழி இருக்கிறதா என்று சொல்லும். லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட 2023 ஒப்பந்தத்துக்குப் பிறகு இரண்டாம் ஏப்ரன் என்ற மொத்தச் சம்பள வரம்பைத் தாண்டிய அணி, டிரேடில் இரண்டு ஆட்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ஆளை வாங்க முடியாது, அனுப்புவதைவிட அதிகச் சம்பளம் திரும்ப வாங்கவும் முடியாது. கெவின் டுரான்ட், டெவின் புக்கர், பிராட்லி பீல் மூவரையும் வைத்திருந்த ஃபீனிக்ஸ் 2024-25-ல் இந்த வரம்புக்கு மேலே மாட்டிக்கொண்டு 36 வெற்றியோடு முடித்தது. அப்படிப்பட்ட அணிக்கு ஓட்டை தெரிந்தாலும் அடைக்க வழி குறைவு, அதனால் மூன்றாவது எண்ணை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள்.

சீசன் தொடங்கியதும் பொறுமை வேண்டும். முன்-சீசன் ஆட்டங்களின் முடிவைப் பார்க்காதீர்கள், யாரோடு யாரை ஆட வைக்கிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். புது அணிகள் ஆரம்பத்தில் தடுமாறுவது சகஜம். லெப்ரான் ஜேம்ஸ், டுவைன் வேட், கிறிஸ் பாஷ் சேர்ந்த 2010-11 மயாமி 9-8 என்று ஆரம்பித்தது, அடுத்த 22 ஆட்டத்தில் 21 ஜெயித்தது, 58-ல் முடித்தது. லெப்ரான் கிளீவ்லேண்டுக்குத் திரும்பிய 2014-15-லும் அப்படித்தான், ஜனவரியில் 19-20, கடைசியில் 53. இரண்டு அணியும் இறுதிப் போட்டி வரை போயின. முதல் 20 ஆட்டத்தில் வெற்றி தோல்வியைவிட நீங்கள் நிமிடங்களைத்தான் பார்க்க வேண்டும்: உங்கள் அட்டவணையில் 30 என்று எழுதியவருக்குப் பயிற்சியாளர் 22 கொடுக்கிறாரா, பெயரே எழுதாத ஒருவர் 25 ஆடுகிறாரா? அப்படியென்றால் உடனே திருத்துங்கள். மூன்று புள்ளி சதவீதம் ஏறியிறங்கினால் காத்திருங்கள்.

கிளீவ்லேண்ட் அந்த ஜனவரியில் ஜே.ஆர். ஸ்மித், இமான் ஷம்பர்ட், டிமோஃபே மாஸ்கோவ் மூவரையும் டிரேடில் கொண்டுவந்துதான் திரும்பியது. மாஸ்கோவ் வந்ததும் கூடையைக் காக்க ஆள் கிடைத்தது, மற்ற இருவரால் ஓட்டையாக இருந்த நிமிடங்கள் உருப்பட்டன. அதனால் பிப்ரவரியில் டிரேடுக்கான கெடு முடிந்த அன்று அட்டவணையை முதலிலிருந்து போடுங்கள். மீதி இருப்பது 30 ஆட்டம் சொச்சம், ஆட்டத்துக்கு அதே 240 நிமிடம். அதுவரை வந்த புள்ளி வித்தியாசத்தைத் தொடக்கமாக வைத்து, வந்தவர் போனவர் நிமிடத்தை மட்டும் மாற்றுங்கள். அக்டோபரில் ஒரு மாலை எடுத்த வேலை இப்போது அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.